நைனாவை வரவழைக்க ஒரு தந்தி

கவரைப்பேட்டை
20-2-1971, சனிக்கிழமை

அன்பு மகன் வரதனுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து சொல்ல, தங்கை சந்திரகலா எழுதுவது. இந்தக் கடிதம் எழுதும் இந்த நிமிஷம் வரைக்கும் நான், நைனா, சந்திரா மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம். பிலாயில் நீ எப்படி இருக்கிறாய், இரும்பு உலை கிட்டே வேலை என்று எழுதியிருந்தாய், அதைக் கேட்டதிலிருந்து அடுப்பு மூட்டும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். (அண்ணா, "இந்த நிமிஷம் வரைக்கும்" என்பது அம்மா சொன்ன வார்த்தைதான், நான் சேர்த்தது இல்லை. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுதப் படிக்கத் தெரியாததால் இந்த வளைவுக்குள் நான் என்ன சமைத்தாலும் அவளுக்கு வாசனை போகாது.)

ஏரிக்கரை நிலத்தையெல்லாம் ஃபாக்டரிக்கென்று அளந்து கல் நட்டுவிட்டுப் போன பிறகு, பதினோரு ஊர்க்காரர்கள் சேர்ந்து உன் நைனாவை எம்.எல்.ஏ. தேர்தலுக்குச் சுயேச்சையாக நிறுத்தியது உனக்குத் தெரியும். சைக்கிள் சின்னம் கொடுத்திருக்கிறார்கள். காலையில் கஞ்சி குடித்துவிட்டு அந்தச் சைக்கிளிலேயே கிளம்பினால் மாலையில்தான் வருகிறார், சாப்பாடு எந்த ஊரில் யார் வீட்டில் என்று கேட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார், ஆள் பாதியாகிவிட்டார். (அவர் வேட்பாளர் இல்லை, வேட்டிப்பாளர். இருக்கிற இரண்டு வேட்டியை மாற்றி மாற்றித் துவைத்துப் போடுவதுதான் என் தேர்தல் பணி. சிங்கம் சின்னம் கேட்டாராம், சைக்கிள் கொடுத்தார்கள். போகட்டும், அதற்குத் தீனி போட வேண்டாம்.)

ஜெயிக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும், அதில் பயமில்லை. பயம் வேறு. பொன்னேரி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தாரே அருணாச்சலம், அவர் பத்து நாள் முன்னே புதுவாயல் டீக்கடையில் உன் நைனாவிடம் சட்டம் பேசியிருக்கிறார். "ஓட்டுக்கு முன்னாடி வேட்பாளர் யாராச்சும் செத்துப் பூட்டார்னு வெச்சிக்கோ ராஜமாணிக்கம், சுயேச்சையா இருந்தாலும் சரி, அந்தத் தொகுதில எலெக்‌ஷனே நின்னுபூடும், வேற தேதி போட்டு மறுபடி நடத்தணும்" என்றாராம். அவர் சும்மா பேச்சுக்குச் சொன்னது. இவர் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார், வந்ததோடு விட்டாரா, கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "உயிரோட இருந்தா எனக்கு முந்நூறு ஓட்டு, செத்தேன்னா மொத்த எலெக்‌ஷனும் என் கூட பாடை ஏறும், பாத்துக்கோங்க" என்றார். சனம் சிரித்த சிரிப்பு தண்டவாளம் வரைக்கும் கேட்டது. மறுநாளிலிருந்து போகிற ஊரெல்லாம் அதையே சொன்னார். (அண்ணா, அந்த வரியை எழுதிக்கொடுத்தது நான். நைனாவுக்கு மேடையில் வாய் வராது என்று பேச்செல்லாம் நான்தான் எழுதித் தருகிறேன். கைதட்டு விழுந்தபோது என் தலை கனத்துவிட்டது. அம்மாவுக்கு இது தெரியாது, நைனா தானாகச் சொன்னதாக நினைத்து அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், நானும் கூடச் சேர்ந்து தலையாட்டுகிறேன்.)

தோற்கப்போகிற பெரிய கட்சிக்காரனுக்கு இன்னும் இரண்டு மாசம் கிடைத்தால் எவ்வளவு நல்லது என்று யோசித்துப் பார். புதன்கிழமை மத்தியானம் கொடி கட்டாத ஒரு ஜீப் நம் வாசலில் வந்து நின்றது. மூன்று பேர், நல்ல வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. "அண்ணன் எந்த வழியாமா வர்றாரு, கூட யாரும் இல்லாம தனியாவா வர்றாரு" என்று கேட்டார்கள். நைனாவுக்கு வேலை செய்ய வந்த பிள்ளைகள் என்று நினைத்து, சவுக்குத் தோப்பு வழியாகத்தான் வருவார், அஞ்சு மணிக்கு வந்துவிடுவார், தனியாகத்தான் வருவார் என்று என் வாயாலேயே சொன்னேன் வரதா. வெயிலில் வந்திருக்கிறார்களே என்று மோரும் கொடுத்தேன். சொம்பைக் கழுவிக்கூட வைத்துவிட்டுப் போனார்கள். (அம்மா இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் அந்தச் சொம்பை மறுபடி கழுவினாள். நான் அடைப்புக்குறிக்குள் போட ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.)

வியாழக்கிழமை நைனா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார், இடுப்புவரை சேறு. நான் கேட்டதற்கு, "கால்வாய்ல உட்டுட்டேன் மணி, கண்ணுல தூசி" என்றார். (கண்ணில் தூசி விழுந்து கால்வாயில் இறங்கினால் முன் சக்கரம் வளையும். வளைந்திருந்தது பின் மட்கார்டு, சிவப்பு விளக்கும் தூள். பின்னாலிருந்து எதுவோ இடித்திருக்கிறது. மறுநாள் காலை பேச்சுத் தாளை என்னிடம் நீட்டி, "அந்தப் பாடை வரிய எடுத்துடு கண்ணு, கேட்டுக் கேட்டு புளிச்சிபூச்சி" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அந்த வரி தெரியாதபடி அடித்துக் கொடுத்தேன் அண்ணா. நைனாவுக்கும் பயம் வந்துவிட்டது, நமக்குத் தெரியக்கூடாது என்று சிரித்துக்கொண்டிருக்கிறார்.)

வாபஸ் வாங்கிவிடுங்கள் என்று காலில் விழுந்தேன். அருணாச்சலத்திடம் ஓடினேன், "அந்தத் தேதி பூட்ச்சி மணியம்மா, இப்ப வேணாம்னு சொன்னாலும் சீட்டுல பேர் இருக்கும்" என்கிறார், அவருக்கும் கண் கலங்கியிருக்கிறது. போலீசுக்குப் போனால் யார் மேல் புகார் என்று கேட்பார்கள், ஜீப் நம்பரைப் பார்த்து வைக்கக்கூட எனக்குத் தெரியவில்லை. ஓட்டு முடியும்வரை வீட்டில் இருங்கள் என்றால், "பதினோரு ஊரு நம்பி நிறுத்திக்கீது, நான் கதவ சாத்திக்கினு குந்தினா இன்னா மூஞ்சி காட்டுவேன்" என்கிறார். இன்றைக்கும் கிளம்பிவிட்டார், பெரியபாளையம் ரோட்டுப் பக்கம். மத்தியானம் வந்துவிடுகிறேன் என்றார், மணி நாலரை ஆகிறது.

அதனால் வரதா, எனக்கு ஒரே வழிதான் தோன்றுகிறது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நைனா பேருக்கு ஒரு தந்தி அடி. வேலை செய்யும் இடத்தில் கால் வழுக்கி விட்டது, இடது கால் எலும்பு முறிவு, உடனே வரவும் என்று அடி. இடது கால் போதும், அதற்கு மேலே ஒரு வார்த்தை கூடாது, தாய் வாயால் சொல்ல வைக்கிறார்களே என்று எனக்கு நாக்கு கூசுகிறது. பொய்யாகச் சொன்ன அந்தக் காலுக்காகப் பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவர் பிலாய் வந்து நீ நடப்பதைப் பார்த்ததும் கத்துவார், கத்தட்டும். ஓடிப்போய்விட்டான் என்று ஊர் பேசும், அதையும் அவர் என்னைத்தான் கேட்பார், நான் கேட்டுக்கொள்கிறேன். திரும்பி வர விடாமல் எப்படியாவது பிடித்து வை. இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள் ஓட்டு. ஓட்டு முடிந்த மறுநாளே அவர் உயிர் வேறு யாருக்கும் வேண்டாம், நமக்கு மட்டும்தான் வேண்டும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, உலை கிட்டே தூக்கக் கலக்கத்தோடு நிற்காதே. நைனா அங்கே வருவதற்குள் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட மறக்காதே. அம்மன் உன்னை எப்போதும் காப்பாற்றுவாள். நூறு வயசு இரு.

அண்ணா, அம்மா தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரோட்டைப் பார்க்கப் போய்விட்டாள், அதனால் இனி அடைப்புக்குறி வேண்டாம். நடுவில் மிச்சமிருக்கும் இந்த இடத்தில் நான் கேட்பது இது. இடது கால் போதாது. நைனாவை உனக்குத் தெரியும், "காலு தானே, ஒட்டிக்கும், மணி நீ போயி பாத்துட்டு வா" என்று அம்மாவை ரயில் ஏற்றிவிட்டுச் சைக்கிள் எடுப்பார். சீரியஸ் என்று அடி. வரதன் சீரியஸ், அந்த இரண்டு வார்த்தை போதும், அப்பாவே வரவும் என்று சேர்த்துக்கொள். அம்மாவுக்குத் தெரிந்தால் என் கன்னம் பழுக்கும், நைனாவுக்கும் இரண்டு நாள் ரயிலில் உயிர் போய் உயிர் வரும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் போய்விட்டு வருகிற உயிர்தானே.

போன வருஷம் உனக்குப் பெண் பார்த்து முடிவாகிவிட்டது என்று அம்மா சொல்வதுபோல எழுதி, உன்னை லீவு போட்டு ஓடிவர வைத்தவள்தான் நான். இதையும் அப்படி ஒன்று என்று நினைத்துச் சட்டைப் பையில் வைத்துவிடாதே, உன் காலில் விழுகிறேன். அந்தக் கடிதத்தில் அம்மா கையெழுத்தையும் நானே போட்டேன், அச்சு மாதிரி இருந்தது, நீயே பிறகு சொன்னாய். கீழே இருப்பது நான் போட்டதில்லை. எப்படி நடுங்கியிருக்கிறது பார், இதை எனக்குப் போட வராது. கடைசி எழுத்துக்கு வரும்போது ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது, பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். ஜீப் நிற்காமல் போய்விட்டது. அம்மா இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

இப்படிக்கு, உன் அம்மா
மணியம்மா