பாபநாசத்து இறக்கம்

தை 2.

மாட்டுப் பொங்கல். விடியலில் கடும் பனி, எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை.

பொன்னம்மாளுக்குப் பிறந்தவீட்டுப் பொங்கல் படி கொண்டுவந்த மைத்துனன் சுப்பையா இன்னும் இங்கேதான். கரும்பு, பச்சரிசி, உடன்குடிக் கருப்பட்டி எல்லாம் மாட்டுவண்டியில். அவன் மட்டும் முக்கூடலிலிருந்து புது சைக்கிளில், வண்டிக்கு முன்னால், மணியடித்துக்கொண்டு. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. இதுவரை அம்பையில் சைக்கிள் வாத்தியார் என்றால் நான் ஒருவன்தான். கொஞ்சம் வயிற்றெரிச்சல். போகட்டும்.

சாப்பிட்டபின் அவனிடம் காட்டுத் தடத்தைப் பற்றி அளந்தேன். பாபநாசத்துக்கு மேலே, மரம் ஏற்றும் தடிவண்டி போகும் சரள் பாதை. லீவு நாளில் நான் தனியாகப் போகிற இடம்.

"அங்கன கரடி கெடக்குமாம்லா அத்தான்?"

"கெடக்கும். மணியடிச்சா அது பாட்டுக்குப் போயிரும். ரெண்டு தடவ பாத்திருக்கேன்."

ஒருதடவைகூடப் பார்த்ததில்லை.

தை 3.

பனி குறைவு. நாளைக்கு இருவரும் காட்டுத் தடத்துக்கு. இரண்டு சைக்கிளுக்கும் எண்ணெய். என் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் (மாற்றவில்லை). எடுத்து வைத்தது: பம்பு, ரப்பர்த் துண்டு, ஒட்டும் பசை, புளிச்சாதம், ஊறுகாய், இரண்டு துண்டு.

பொன்னம்மாள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறாம் மாதம், நின்றாலே மூச்சு வாங்குகிறது.

"அம்மைக்கு அவன் ஒரே பையன். பாத்துக் கூட்டிட்டுப் போங்க."

"நான் இருக்கம்லா" என்றேன்.

தை 4.

கரடி. சுப்பையா ஆஸ்பத்திரியில். இடது தோள், கை. உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

எழுத முடியவில்லை.

தை 5.

எழுதித்தான் ஆக வேண்டும். இங்கே இல்லாவிட்டால் எங்கே.

போகும்போது எவ்வளவு நன்றாக இருந்தது. கோயிலைத் தாண்டி ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனோம். மேலே சமதளம் வந்ததும் ஏறி மிதித்தோம். ஆளில்லை, வண்டியில்லை. சக்கரத்துக்கு அடியில் சரள் நொறுங்குகிற சத்தம், காய்ந்த தேக்கிலைச் சத்தம், தூரத்தில் தண்ணீர். சுப்பையா கையை விட்டுவிட்டு ஓட்டினான். "அத்தான், இது சொர்க்கம் வே!" அத்தானை யாராவது வே போடுவார்களா? போட்டான். சிரித்தேன். அந்த நேரம் அவனை ரொம்பப் பிடித்திருந்தது.

பாறைகள் நெருங்கும் வளைவில் அவன் பின் சக்கரம் காற்றுப் போயிற்று. தரையில் உட்கார்ந்து டயரைக் கழற்றினான். நான் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி, இறக்கத்தைப் பார்த்து நின்றேன். பாறைக்குப் பின்னாலிருந்து முதலில் குட்டி வந்தது. பிறகு தாய்.

மணி அடிக்கவில்லை. கல் எடுக்கவில்லை. "ஓடுலே" என்றுகூடச் சொல்லவில்லை. எப்போது ஏறி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது, நான் அதன் மேல் இருந்தேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று எழுத மாட்டேன்.

பாதி இறக்கத்தில் விறகுக்குப் போகும் பெண்கள் எதிரே வந்தார்கள். ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருத்தி, சின்னப் பெண், "என்னய்யா இப்படிப் பறக்கிய?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. அவர்கள் அந்தத் தடத்திலேயே மேலே போனார்கள்.

பாபநாசம் படித்துறையில்தான் நின்றேன். ஆற்றில் முகம் கழுவினேன். மீன்கள் காலைக் கடித்தன. கோயிலில் ஆள் இருந்தது, கடையில் ஆள் இருந்தது. யாரையும் கூப்பிடவில்லை. இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும், இனிக் கூப்பிட்டு என்ன என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

அவனைச் சேலைத் தூளியில் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்களே இறங்கி வந்தார்கள். கூச்சல் போட்டு, அரிவாளைப் பாறையில் தட்டி, கரடியை விரட்டியிருக்கிறார்கள். கூட்டம் கூடியது. நானும் ஓடிப்போய்த் தூளியின் ஒரு முனையைப் பிடித்தேன். சுப்பையா கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். பிறகு கூட்டத்திடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி:

"அத்தான்தான் ஆள் கூட்டியாரப் போனாவ."

தை 6.

மேகமூட்டம். வீடு நிறைய ஆள். காப்பிக்குப் பால் போதவில்லை.

"சமயத்துல புத்தி வேலை செய்யணும்லா. வாத்தியாருக்கு வேலை செஞ்சிருக்கு."
"வேற ஒருத்தனா இருந்தா வெலவெலத்துல்லா நின்னுருப்பான்."

ஹெட்மாஸ்டரும் வந்தார். பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளிடம் சமயோசித புத்தி பற்றி நான் பேச வேண்டுமாம். தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மாமியார் முக்கூடலிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையை இழுக்கவும் முடியவில்லை.

பொன்னம்மாள் எனக்கு மட்டும் நெய் கூடுதலாக விட்டாள்.

தை 8.

ஆஸ்பத்திரி. சுப்பையாவுக்குக் காய்ச்சல் குறைவு. கை மடக்க முடியவில்லை.

விறகுக்காரிகளில் மூத்தவள் அவனைப் பார்க்க வந்திருந்தாள். மாடத்தி என்று பெயர். பொன்னம்மாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். மாடத்தி என்னைப் பார்த்தாள்.

"இந்த அய்யாதான சைக்கிள்ல..."

சுப்பையா படுத்தபடியே குறுக்கே விழுந்தான். "ஆமா, இவுக சொல்லித்தான ஒங்களுக்குத் தெரியும்!"

அவள் அவனைப் பார்த்தாள். பொன்னம்மாளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஆமாம்மா. அய்யாதான் சொன்னாவ" என்றாள்.

வாசல் வரை அவள் பின்னாலேயே போனேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவள் நிற்காமலே பேசினாள்.

"அன்னைக்கு எங்ககூட எம் மருமவளும் வந்தா. புள்ளத்தாச்சி. ஏன் பறக்கியன்னு கேட்டவ அவதான். கரடின்னு ஒரு சொல்லு சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா?"

வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றேன். தெரிந்தவர் ஒருவர் வந்து வணக்கம் வைத்தார்.

தை 9.

பொன்னம்மாள் வீட்டுக்குப் போன சமயம் பார்த்து சுப்பையாவிடம் கேட்டேன். ஏன் பொய் சொன்னாய் என்று.

கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒங்களுக்காகச் சொல்லல. அக்கா ஒங்ககூடத்தான இருக்கணும்."

"அவகிட்ட நானே சொல்லிருதேன்."

"சொல்லுவிய. சொல்லி ஒங்க மனச ஆத்திக்கிடுவிய. அவ எங்கன கொண்டு வைப்பா அத?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் களைப்பாகச் சொன்னான். பிறகு முதுகுக்குத் தலையணை வைக்கச் சொன்னான். வைத்தேன். தொட்டபோது உடம்பை லேசாக ஒதுக்கினான். வலியாகவும் இருக்கலாம்.

தை 10.

பள்ளிக்கூடம். தலைவலி என்று சொல்லிப் பேச்சிலிருந்து தப்பினேன். ஹெட்மாஸ்டர்: "அடக்கம் வே ஒமக்கு!"

சைக்கிளைத் தொடவில்லை. நடந்தே போய் நடந்தே வந்தேன்.

தை 11.

நல்ல வெயில்.

மத்தியானம் பொன்னம்மாள் சுளகில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பாபநாசம் கோயிலில் என் பேருக்குப் பொங்கல் வைக்க வேண்டுமாம். "நீங்க இல்லன்னா எந்தம்பி இல்ல" என்று கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறக்கப்போகிற பிள்ளையிடமும் இதைச் சொல்லித்தான் வளர்ப்பாளாம்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். படித்துறை, மீன், விறகுக்காரிகள், எல்லாம். அவளுக்காகச் சொன்னேனா எனக்காகவா? எனக்காகத்தான். சுப்பையா சொன்னது சரி.

அவள் கை அரிசியிலேயே கிடந்தது.

"அவன் கூப்பிட்டானா ஒங்கள?"

"கூப்பிட்டான்."

"என்னன்னு?"

"அத்தான்னு."

சுளகு அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டினாள். ஒரு மணிகூடச் சிந்தவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சாயங்காலம் கதவைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த மாடத்தி வீடு எங்கன இருக்கு?"

தை 12.

கோயிலுக்குப் போகவில்லை. மாட்டுவண்டி பேசி விக்கிரமசிங்கபுரம் போனோம். வண்டியில் அவள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். விட்டு வந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு. மாடத்தி வீட்டை ஆடு மேய்ப்பவர் ஒருவர் காட்டினார். மலையடிவாரம், ஓலைக் குடிசை, முற்றத்தில் விறகு அடுக்கியிருந்தது.

பொன்னம்மாள் கருப்பட்டிச் சிப்பத்தோடு குனிந்து உள்ளே போனாள். நான் விறகுக்குப் பக்கத்தில் நின்றேன். வெயில் சுட்டது.

உள்ளே பேச்சு. முதலில் பொன்னம்மாள் குரல் மட்டும், தாழ்ந்து. பிறகு மாடத்தி: "அதெல்லாம் எதுக்கும்மா, விடுங்க." பிறகு அந்த மருமகள். எத்தனை மாசம், கால் வீங்குதா, புளிப்புக் கேட்குதா என்று இரண்டு பேரும் மாறி மாறி. ஒரு தடவை சிரிப்புகூடக் கேட்டது. என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

பொன்னம்மாள் வெளியே வந்தபோது முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறாள். பக்கத்துத் தெருவிலேயே கை நனைக்காதவள்.

மருமகள் செம்போடு வாசலில் நின்றாள், என்னைப் பார்த்தபடி. எனக்கும் நாக்கு வறண்டு கிடந்தது. கேட்க வாய் வரவில்லை.