கெசுவல்டி என்றால் மவுத்தா?

அன்பு நிறைந்த சாஹுல் நானா,

"ஒரு பொம்மக்கி எத்தன மனுசரு, மாஸ்டர்?" என்று நீங்கள் கேட்ட அன்றுதான் நம் போர்கள் தொடங்கின. தோட்டத்துப் பெரியதுரை சீமைக்குக் கப்பலேறியபோது, பங்களா சாமான்களோடு ஒரு பெட்டி ஈயச் சிப்பாய்களையும் வாங்கி வந்திருந்தீர்கள். மாத்தளையில் உங்கள் மிளகுக் கடையின் மேல்மாடிதான் போர்க்களம், சாக்கு மூட்டைகள்தான் மலைகள். ஒரு வாத்தியாரும் ஒரு முதலாளியும் பௌர்ணமிப் போயா விடுமுறையில் தரையில் தவழ்ந்தோம்.

ஒரு பொம்மைக்கு ஐம்பது பேர் என்று வைத்துக்கொண்டோம். என் இங்கிலீஷ் சரித்திரப் புத்தகத்தில் ஒவ்வொரு சண்டைக்கும் 'கெசுவல்டி' எத்தனை என்று இருக்கும். அதற்கு 'மாண்டவர்' என்று நான் பொருள் சொன்னேன். ஆயிரம் என்றிருந்தால் இருபது பொம்மைகள் பெட்டிக்குள் போய்விடும்.

"ஒரு சண்டையோட பட்டாளம் முடிஞ்சா, நாளக்கி யாரு சண்ட புடிக்கிற?" என்று முணுமுணுப்பீர்கள். நான் புத்தகத்தை நீட்டிக் காட்டுவேன்.

பிறகு ஒருநாள் கலேவெலயில் லொறியிலிருந்து விழுந்தீர்கள். உங்கள் கணக்கப்பிள்ளை மூச்சிரைக்க என் வீட்டுக்கு வந்து, "சார், மொதலாளி கெசுவல்டியில!" என்றார். அந்தச் சொல்லுக்கு மேல் எதுவும் என் காதில் விழவில்லை. அழுதுகொண்டே சாவு வீட்டுக்கு உடுக்கும் வெள்ளை வேட்டியைக் கட்டி, அவர் பின்னால் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில், கெசுவல்டி என்று எழுதிய விபத்துப் பிரிவில், நீங்கள் காலில் கட்டோடு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்ன மாஸ்டர், வெள்ளையும் சொள்ளையுமா? யாரு மவுத்து?"

"நீங்கதான் நானா" என்றேன். வேறு என்ன சொல்வது?

விசயம் விளங்கியதும் நீங்கள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் அதட்டினார். "அப்ப என்னையும் பொட்டியில போட்டுட்டீங்க! கெசுவல்டிண்டா மவுத்தா? இந்த வார்டப் பாருங்க. முக்காவாசிப் பேரு நடந்தே வீட்ட போவான்."

புத்தகத்து எண்ணில் காயப்பட்டவர்களும் அடக்கம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது; அந்தக் கட்டிலருகேதான் நம் புதுக் கணக்கு பிறந்தது. ஆயிரத்துக்கு இருபது பொம்மைகளையும் முதலில் படுக்க வைப்பது. நாலில் ஒன்று பெட்டிக்கு, அதாவது ஐந்து. மற்றப் பதினைந்தும் அடுத்த சண்டைக்கு எழுந்துவிடும். எல்லாப் போருக்கும் இதே பங்கு சரிவராது என்று நான் இழுத்தேன். "நம்மட போருக்குச் சரி" என்றீர்கள். அதன்பின் நம் பட்டாளம் தீர்ந்துபோனதே இல்லை. இழந்துவிட்டேன் என்று அழுத ஒருவரோடு இத்தனை வருடம் விளையாடக் கிடைத்தது. அந்த நன்றியை யாரிடம் சொல்வேன்?

போன மாதம் உங்கள் ஜனாஸா நல்லடக்கத்துக்கும் அதே வெள்ளை வேட்டியில்தான் வந்தேன். யார் மவுத்து என்று கேட்க நீங்கள் இல்லை.

மதினி பெட்டியை என்னிடமே அனுப்பிவிட்டார். கடைகளில் இப்போது புதுப் பொம்மை கிடைப்பதில்லை, நானா. கால் உடைந்த ஒருவனுக்குத் தீக்குச்சி வைத்துக் கட்டினீர்களே, அவன் இன்னும் நிற்கிறான். ஒவ்வொரு போயாவுக்கும் அவனை மலையுச்சியில் நிறுத்துவேன். உங்கள் பக்கத்துக்கும் நானே ஆடுவேன், ஏமாற்ற மாட்டேன்.

இதைப் படிப்பவர்களுக்கும் ஒன்று: புத்தகத்தில் இழப்பு எண்ணைப் பார்த்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள், முதலில் அத்தனை பொம்மைகளையும் படுக்க வைத்துப் பாருங்கள்.

நானா என்று கூப்பிட்ட உரிமையில்,
உங்கள் தம்பி, மாஸ்டர்