ஒஸ்லோவில் நான் சொன்ன ஓம்

டூட்டிங், லண்டன்
ஜூலை மாதம்

அன்பு மகள் மேனுஷாவுக்கு,

அம்மா சுகமாக இருக்கிறேன், படி ஏறும்போது முழங்கால் மட்டும் கொஞ்சம் நோகிறது. மெல்பேணில் இப்போது கடும் குளிராம், நீயும் மருமகனும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க முருகன் துணை. போனில் சொன்னால் இடையில் மறித்து மறித்துக் கேட்பாய், எனக்குச் சொல்ல வந்தது குழம்பிவிடும், அதனால் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுச் சந்திரவதனா அக்காவோடு ஒஸ்லோவுக்குப் போய்வந்த படங்கள் அனுப்பினேன் அல்லவா, அவவின் தம்பி பாலேந்திரா வீட்டில்தான் தங்கினோம். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி தவறிப் பல வருடம், தனிய இருக்கிறார். அங்கே இரவு பத்து மணிக்கும் வெயில் எறிக்கிறது, எப்போது சாப்பிடுவது எப்போது படுப்பது என்றே எனக்குப் பிடிபடவில்லை. அங்கிருந்து வெளிக்கிடுவதற்கு முதல்நாள் படகில் ஒரு தீவுக்குப் போனோம். அக்காவுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது, வீட்டிலேயே நின்றுவிட்டா. தீவில் கடலோரம் ஆட்கள் குந்துவதற்கு ஒரு மர வாங்கு கிடந்தது. பாலேந்திரா பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, நீங்கள் இஞ்சையே இருக்கலாமே என்றார். வாங்கில் குந்தி இருக்கச் சொல்கிறார் என்று நினைத்து, ஓம், இருக்கலாம் என்று சொல்லி இருந்துவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெயிலாக்கும் என்று நினைத்தேன் பிள்ளை.

விமான நிலையத்தில் என் பெட்டியைத் தந்துவிட்டு, அப்ப ஆவணியிலை லண்டனுக்கு வாறன், மேனுஷாவோடை நானே கதைக்கிறன் என்றார். உன்னோடு இவருக்கு என்ன கதை என்று பிளேனில் அக்காவிடம் கேட்டேன். நீர் ஓம் எண்டு சொன்னீராமே, தம்பி இரவு முழுக்க நித்திரை கொள்ளேல்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டா. தன்னோடு ஒஸ்லோவிலேயே இருந்துவிடச் சொல்லித்தான் அவர் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அப்பா போய் ஆறு வருடம். காலையில் அவர் படத்துக்கு விளக்கு வைக்கிறேன், வைத்து முடிக்க பாலேந்திராவின் போன் வருகிறது. பிரஷர் குளிசை போட்டாச்சோ என்று கேட்பார், மழையைப் பற்றிக் கதைப்போம், அவ்வளவுதான். ஒருநாள் போன் வராவிட்டால் கறி அடிப்பிடிக்கிறது. இது சரியோ பிழையோ எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஏமாற்றக்கூடாது என்று நேற்று அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன், நான் வாங்கில் இருப்பதற்குத்தான் ஓம் சொன்னேன் என்று. பிறகு, அப்ப வரேக்கை திரும்பக் கேக்கலாமோ என்றார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், கேளுங்கோ என்று வந்துவிட்டது.

நீ கோபிப்பாயோ, அழுவாயோ, எதுவென்றாலும் முதலில் எனக்குச் சொல். அவர் எடுத்தால் மரியாதையாகக் கதை, பாவம், பயந்த மனிசன். நீயும் மருமகனும் நெடுங்காலம் ஒற்றுமையாக இருங்கோ. இரவில் ஹீட்டரை நிற்பாட்டிவிட்டுப் படு.

குழம்பிப்போய் இருக்கும்,
உன் அம்மா
நகுலேஸ்வரி