அறுபத்துநான்கு என்று எழுதியவன்

மார்ச் 3, செவ்வாய்

எழுந்ததும் முதலில் அம்மாவின் மாத்திரைகளை வாரம் முழுவதற்கும் டப்பாவில் பிரித்துப் போட்டேன். பல் தேய்த்தது அதற்குப் பிறகுதான்.

ஆபீசில் புது வேலை. கம்ப்யூட்டரை இயக்கும் அடிமட்ட மென்பொருளான கெர்னலைத் தொகுத்து பில்டு செய்யும்போது மெஷினில் அதிகபட்சம் எத்தனை ப்ராசசர் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்கு எங்களிடம் மூன்று செட்டிங், மூன்று ஃபைலில், மூன்று பெயரில். எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும். "நான் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள இந்தக் குப்பையைக் கூட்டிடும்மா. அடுத்து இந்தப் பொறுப்பு உனக்குத்தான் வரப்போகுது," என்றார் தலைமைப் பொறியாளர்.

அம்மாவுக்கு எல்லாம் தெரிய வேண்டும். "எத்தனை இருக்குன்னு அந்த மெஷினுக்கே தெரியாதா?"

"தெரியும்மா. எத்தனைக்கு இடம் ஒதுக்கணும்னு நாமதான் சொல்லணும். விசேஷ வீட்டுல எட்டு சேர் போட்டா எட்டுப் பேர்தானே உக்காருவாங்க?"

"மத்தவங்க?"

"சும்மா நிப்பாங்க."

"சேர் எண்ணவா உன்னக் காலேஜுக்கு அனுப்பினேன்," என்றாள்.

மார்ச் 5, வியாழன்

இரண்டு செட்டிங்கை நீக்கிவிட்டேன். மிஞ்சியதற்குத் தெளிவான புதுப்பெயர். பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, பாத்து, எட்டாக்கிடாதீங்க," என்றாள். அவள் சேர்ந்து இரண்டு வருடம். அந்தக் கிண்டல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

பதினோரு வருடத்துக்கு முன் எங்களோடு ஒருவன் வேலை செய்தான். வெள்ளக் கணிப்பு அலுவலகத்தின் பெரிய மெஷினுக்கு அறுபத்துநான்கு என்று எழுத மறந்து, எட்டு என்றே விட்டுவிட்டான் என்றார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த மெஷின் தவழ்ந்தது. கணிப்பு தினமும் மூன்று மணி நேரம் தாமதம். விசாரணை வந்தது. அவனுக்கு 'எட்டு' என்று பெயரும் வந்தது. ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான்.

நானும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். முகத்துக்கு நேராகவே.

மார்ச் 6, வெள்ளி

இன்று எதுவும் எழுத முடியாது.

மார்ச் 7, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று என் மாற்றத்தைச் சோதிக்க, ஏதாவது ஒரு மெஷினின் செட்டிங்குகள் அடங்கிய பழைய கான்ஃபிக் ஃபைல் தேவைப்பட்டது. பழைய சர்வரின் பேக்கப்பைத் திறந்தேன். வெள்ளக் கணிப்பு மெஷினுக்கு அவன் எழுதிய ஃபைல் இருந்தது, பில்டுக்கு முந்தைய பிரதி. அதில் அறுபத்துநான்கு என்று இருக்கிறது. தனி வரியில், சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

பில்டு செய்தேன். முடிவில் எட்டு. எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. என் புது மாற்றத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் எட்டு. அப்படியானால் கோளாறு இன்றையது இல்லை.

செட்டிங்கின் பெயரை மாற்றினால், பழைய பெயரில் எழுதிய எண்ணை பில்டு கண்டுகொள்ளாது. சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டு வழக்கமான எண்ணான எட்டை நிரப்பி, அதே ஃபைலின் மேலேயே எழுதிவிடும். யாரோ அன்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். யார்?

மாற்றங்களின் வரலாற்றைப் பார்த்தேன். அவன் ஃபைலை முடித்தது திங்கள். பில்டு நடந்தது வியாழன். நடுவில் செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு மாற்றம் — 'பெயரைத் தெளிவாக்குதல்.' கீழே என் பெயர்.

மறைத்தேனா? இல்லை. தெரியாது, சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா பேக்கப்பைத் திறந்து பாக்கணும்னு ஒரு நாள்கூடத் தோணலையே. அவன் விசாரணையில "நான் எழுதினேன்"னு சொன்னானே. என் காதாலதானே கேட்டேன்.

மார்ச் 9, திங்கள்

சொல்லிவிடத்தான் அவனுக்கு போன் செய்தேன். இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறான். அந்த மெஷினைப் பற்றி நான் வாயெடுத்ததுமே அவன் பேச ஆரம்பித்துவிட்டான்.

"அறுபத்துநாலு அடிச்சது எனக்கு அவ்வளவு நல்லா ஞாபகம் இருந்துச்சுக்கா. ஆனா ஃபைல்ல எட்டுன்னு இருக்கே, என்ன சொல்ல? அதுலேர்ந்து என் ஞாபகத்த நானே நம்புறதில்ல. பசங்க பேப்பரத் திருத்திட்டு, மார்க்க வீட்டுக்காரிகிட்ட கொடுத்து ஒருதடவ கூட்டச் சொல்வேன். 'உங்களுக்கும் நான்தான் வாத்தியாரா'ம்பா."

சிரித்தான். பிறகு, "எதுக்கோ கூப்பிட்டீங்களேக்கா?" என்றான்.

"சும்மாதான்," என்றேன்.

சும்மாவாம்.

மார்ச் 10, செவ்வாய்

தலைமைப் பொறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பதினோரு வருஷம் ஆச்சும்மா. அவனும் ஒரு வேலையில உக்காந்துட்டான். இப்பக் கிளறினா, உன் பேர மேல அனுப்புறப்ப நான் என்ன பதில் சொல்ல? பழைய பேர் வந்தா எச்சரிக்கை வர்ற மாதிரி பண்ணிடு. யார் செஞ்சாங்கன்னு எதுக்கு?"

அவர் கெட்டவர் இல்லை. என் நல்லதுக்குத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியைத்தான் வீடு வரும் வரை பொறுக்க முடியவில்லை.

மார்ச் 12, வியாழன்

எச்சரிக்கையைச் சேர்த்துவிட்டேன். பழைய பெயரைப் பார்த்தால் பில்டு இனி நின்றுவிடும்.

மாற்றத்தோடு போகும் குறிப்பையும் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பிவிட்டால் பிறகு யாராலும் அழிக்க முடியாது, யாரும் படிக்கலாம். நாலே வரி. அவன் அறுபத்துநான்கு என்று சரியாகத்தான் எழுதினான். அதைத் தொலைத்தது என் மாற்றம். அவன் முழுப்பெயர், என் முழுப்பெயர். திங்கள்கிழமை அனுப்புவேன். அதற்கு முன் அந்த அறுபத்துநான்கை அவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பழைய ஃபைலை அச்செடுத்து, சனிக்கிழமை காலை அவன் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை எங்கே கிளம்புறே என்று அம்மா கேட்டாள். ஆபீஸ் வேலை என்றேன்.