இலைப் பையோடு வருகிறவர்கள்

செவ்வாய்க்கிழமை மதியம் ஒருவர் என் மேசைமேல் ஒரு துணிக்கடைப் பையைக் கவிழ்த்தார். உள்ளே இருந்து கசங்கிய இலைகளும் இரண்டு மூன்று குச்சிகளும் விழுந்தன. ஸ்கூட்டரின் கொக்கியில் வெயிலில் தொங்கிக்கொண்டு வந்ததால் இலைகள் பாதி வெந்திருந்தன. அந்த நாற்றம் எழுந்ததும் நான் பக்கவாட்டில் திரும்பி, "ஏய், இங்க வாடி" என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். மருந்து அலமாரிப் பக்கத்தில் நீ எப்போதும் நிற்கிற இடத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்றுகொண்டிருந்தது.

இரண்டு பெண் குழந்தைகள், அக்கா தங்கை. பெருங்களத்தூரில் அவர்கள் இருக்கும் அபார்ட்மென்டுக்குப் பின்னால் காலி மனை ஒன்று புதர் மண்டிக் கிடக்கிறதாம். அங்கே விளையாடிவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் இருவரும் மாறி மாறி வாந்தி. அம்மாக்காரி பெரியவளின் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஏதோ கொட்டை சிஸ்டர், வேர்க்கடலை மாதிரி இருந்துச்சுன்னு சொல்றா. எவ்ளோ தின்னாங்கன்னு தெரியல" என்றாள். அப்பா ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்ததை ஒடித்துப் பையில் போட்டு வந்திருக்கிறார். கொட்டை ஒன்றுகூட அதில் இல்லை.

டாக்டர் சின்னவளின் நாடியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "அரளி இல்லைன்னு சொல்ல முடியுமா சிஸ்டர்? அரளின்னா இங்க வெச்சுக்கிறது ரிஸ்க். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடணும்."

உன்னைக் கேட்க வேண்டிய கேள்வி. என்னைக் கேட்டார்.

உனக்கும் இது இப்படித்தானே ஆரம்பித்தது? நாம் இருவரும் இந்த மருத்துவமனையில் சேர்ந்த புதிது. செங்கல்பட்டுப் பக்கமிருந்து ஒரு மனிதரைத் தூக்கி வந்தார்கள். மூட்டுவலிக்கு யாரோ சொன்னார்கள் என்று ஏதோ பச்சிலையை அரைத்துக் குடித்திருந்தார். அவர் மனைவி முந்தானையில் இலைகளை முடிந்து கொண்டுவந்திருந்தாள். டாக்டர் பார்த்தார், நாம் பார்த்தோம், ஃபார்மஸியில் இருந்தவர் வந்து பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. வாந்திக்கு மருந்து கொடுத்தோம், டிரிப் ஏற்றினோம், செய்யத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தோம். அவர் பிழைக்கவில்லை. உடலை வண்டியில் ஏற்றும்போது அந்த அம்மாள் உன் கையைப் பிடித்துக் கேட்டாள்: "இன்னா தழைம்மா அது? பேராச்சும் சொல்லுங்க."

நீ உள்ளே போனாய். அந்த இலைகளைக் குப்பைக் கூடையிலிருந்து திரும்ப எடுத்தாய். தெரிந்திருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் உன்னிடம் பொறுமையாகச் சொன்னார். நீ தலையாட்டினாய். ஆனால் அன்றிலிருந்து நீ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நீ கோவளத்துக் கடற்கரைக்காரி. அப்பா கட்டுமரம், அம்மா மீன் கூடை. "எங்க ஊர்ல சவுக்கு, தென்னை, அடப்பங்கொடி. அவ்ளோதாண்டி. வாசனைய வெச்சு மீன் நேத்துதா இன்னிக்கான்னு சொல்லுவேன். இலைய பாத்தா எல்லாம் பச்சையாத்தான் தெரியுது" என்று சிரித்தாய். பழைய புத்தகக் கடைகளில் தாவரவியல் பாடப்புத்தகங்களை வாங்கினாய். போனில் படம் எடுத்துப் பெயர் கேட்கும் செயலியை நம்பி ஒரு வாரம் சுற்றினாய். அது ஒரே செடிக்குக் காலையில் ஒரு பெயரும் மாலையில் வேறு பெயரும் சொன்னதும், எரிச்சலில் அதை அழித்தாய். பிறகு விடுப்பு நாள்களில் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாய். நன்மங்கலம் காட்டோரம், வண்டலூர் குன்றின் அடிவாரம், சிட்லபாக்கம் ஏரிக்கரை, ஜி.எஸ்.டி. ரோட்டின் நடுவே நட்டுவைத்த அரளி வரிசை. துணி துவைக்க வேண்டும், மகனுக்குப் பரீட்சை என்று நான் சொல்லும் எந்தக் காரணமும் உன்னிடம் எடுபடாது.

பூத்த செடியைக் கண்டால் நான் நிற்பேன். நீ நிற்க மாட்டாய். "பூவ பாத்து பேர் சொல்றதுல என்ன இருக்கு? நம்மகிட்ட யாரு பூவோட வர்றாங்க? கசங்குன இலையும் உடைஞ்ச குச்சியுமாத்தானே வர்றாங்க."

அதனால் குச்சியிலிருந்து தொடங்கினோம். இலைகள் எதிரெதிராக ஜோடியாக முளைக்கின்றனவா, மாறி மாறியா. தண்டு உருண்டையா, நொச்சியைப் போல நாலு மூலையா. ஒடித்தால் பால் வருகிறதா, நீர் வருகிறதா, ஒன்றும் வரவில்லையா. உதிர்ந்த இலை தண்டில் என்ன மாதிரித் தழும்பை விட்டுப்போயிருக்கிறது. வேம்பு எது, மலைவேம்பு எது. கண்ணை மூடச் சொல்லி என் கையில் இலையைத் தேய்ப்பாய். நான் தப்பாகச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாய், இன்னொரு இலையைத் தேய்ப்பாய். வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போதும் கையில் நொச்சி மணக்கும்.

ஒரு நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நம் வார்டு ஆயா அக்கா தன் வீட்டு வாசல் செடியை உன்னிடம் காட்டி, இருமலுக்குப் போடலாமா என்று கேட்டார். ஆடாதொடைதான் என்று சொல்லிவிட்டு வந்தாய். பஸ் தாம்பரம் வந்து சேர்வதற்குள் உன் முகம் மாறிவிட்டது. "கணு வீங்கியிருந்துச்சா? நீ பாத்தியா?" என்றாய். நான் பார்க்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடி, வேறு பஸ் பிடித்து இரும்புலியூர் போனோம். ஆயா அக்கா அடுப்பில் தண்ணீரே வைத்துவிட்டார். நீ தெருவில் முட்டி போட்டுச் செடியைப் பார்த்தாய். ஆடாதொடையேதான்.

"சரியாத்தானே சொன்ன? எதுக்கு இந்த ஓட்டம்?" என்று கத்தினேன்.

"சரியாத்தான் சொன்னேன். ஆனா திரும்பி பாக்காம எப்படிடி தூங்குறது?"

கூடுவாஞ்சேரிக்காரர் வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனையான பிறகு அவர் வெள்ளைச் சட்டையும் தங்கச் செயினுமாக இருந்தார். வாந்தி, மயக்கம், நாடி மெதுவாக அடித்தது. டாக்டர் இசிஜி எடுக்கச் சொல்லிவிட்டு, இதய நோயாளியா என்று விசாரித்தார். அவர் மனைவி மூச்சு வாங்கச் சொன்னாள்: "சக்கரைக்கு சிறுகுறிஞ்சான் கஷாயம் குடிச்சாருமா. போன்ல யாரோ போட்டாங்கன்னு ஏரியாண்ட போய் அவரே புடுங்கிகினு வந்தாரு. குடிச்சதுலேர்ந்து வாந்தியா எடுத்துகினு கீறாரு."

"மிச்ச கொடி இருக்காம்மா?"

"வூட்ல கீது."

"போன் பண்ணி கொண்டு வரச் சொல்லுங்க. இலை மட்டும் இல்ல, தண்டோட. இப்பவே."

அவர்கள் மகன் பைக்கில் கொண்டுவந்தான். நீ மேசைமேல் காகிதத்தை விரித்து, கையுறை மாட்டிக்கொண்டு, கொடியை ஒடித்தாய். பால் வெள்ளமாக வந்தது. சிறுகுறிஞ்சான் இலை சின்னதாக, மெல்லிய மயிரோடு இருக்கும். இது தடித்து, எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. நடு நரம்பு சிவந்திருந்தது. தண்டெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். நீ நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாய்.

"சார், இது சிறுகுறிஞ்சான் இல்ல. ஏரிக்கரையில ஊதா கலர்ல புனல் மாதிரி பூக்குமே, அந்தப் பால்கொடின்னு நினைக்கிறேன். பேரு எனக்கு நிச்சயமா தெரியாது. ஆனா அரளி குடும்பம், இதயத்த தாக்கும். அதுல எனக்கு சந்தேகம் இல்ல."

இசிஜி தாளைக் கையில் வைத்திருந்த டாக்டர், "இங்கயும் அதுதான் தெரியுது. ரெண்டும் ஒத்துப்போகுது" என்றார். அதற்குப் பிறகு யாரும் நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் நீயே ஏறினாய், கொடியையும் எடுத்துக்கொண்டு. பெரிய மருத்துவமனையில் அவர் இதயத்தைக் காப்பாற்ற அவர்களிடம் எல்லா வசதியும் இருந்தது. பத்து நாள் கழித்து அவர் நடந்து வந்து, உனக்கு ஒரு பலாப்பழம் கொடுத்தார். நீ பலா இலையையும் கேட்டாய். அவர் மனைவி, "இன்னாம்மா நீ, பழத்த வுட்டுட்டு எலைய கேக்குற" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

எனக்கு ஆத்திரம் வருவதும் அதை நினைத்துத்தான். அந்த இதயத்துக்கு என்ன ஆகிறது என்று கண்டுபிடித்தவளுக்கு, தன் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் மெலிந்துகொண்டு வருவது தெரியவில்லை. தலைவலி என்றாய். மாத்திரை போட்டாய். ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு, "ஞாயித்துக்கிழமை காட்டோரம் போயிட்டு வந்து பாக்கலாம்" என்றாய். சனிக்கிழமை காலையில் உன் கணவர் உன்னை ஆட்டோவில் கொண்டுவந்தார். சேலையூரிலிருந்து தாம்பரம் வருவதற்குள் உனக்கு நினைவு போய்விட்டது. ஸ்ட்ரெச்சரிலிருந்து உன்னைக் கட்டிலுக்கு மாற்றியவள் நான். உன் கண்ணில் டார்ச் அடித்தவள் நான். இனி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ போன பிறகு கோவளத்துக்கு வந்திருந்தேன். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "எம் பொண்ணு எப்பவும் ஏதோ தேடிகினே இருக்கும். கெடச்சுதா அதுக்கு?" என்று கேட்டாள். கிடைத்தது என்று சொன்னேன். உண்மையா என்று தெரியாது.

அதற்குப் பிறகு நான் காட்டோரம் போகவே இல்லை. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே மரங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி ஓடுகின்றன. பாதிக்குத்தான் எனக்குப் பெயர் வருகிறது. வராதவை வீடுவரை கூடவே வருகின்றன. என் கணவர், "கொஞ்சம் உக்காரேன், என்ன தேடுற?" என்கிறார். நான் எதையும் தேடவில்லை என்கிறேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நான் கையுறை மாட்டிக்கொண்டு குச்சியை எடுத்தேன். இலைகள் மாறி மாறி. அகலமான இலை, ஓரத்தில் பல் இல்லை, மூன்று நான்கு மழுங்கிய மூலைகள். அரளி இலை கத்திபோல் நீளமாக இருக்கும். ஆமணக்கு இலை என்றால் விரித்த கைபோல ஆழமாகப் பிளந்து ஓரமெல்லாம் பல் இருக்கும். குச்சியை ஒடித்தேன். பால் இல்லை. தெளிந்த நீர் கசிந்தது, விரலிடுக்கில் தேய்த்தபோது சோப்பு மாதிரி நுரைத்தது.

"அரளி இல்ல சார். காட்டாமணக்கு."

"நிச்சயமா?"

பையிலிருந்த மற்ற குச்சிகளையும் ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தேன். எல்லாம் அதேதான். "பையில இருக்கிறது நிச்சயமா காட்டாமணக்கு. குழந்தைங்க தின்னது இதுதானான்னு அங்க போய்ப் பாத்தாதான் தெரியும்" என்றேன். டாக்டர் இசிஜியும் எடுத்துவிட்டார், நாடியையும் விடாமல் பார்த்தார். டிரிப் ஏற்றினோம். சாயங்காலத்துக்குள் பெரியவள் பிஸ்கட் கேட்டாள். சின்னவள் அக்காவைத் திட்டினாள்.

என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. டியூட்டி முடிந்ததும் குழந்தைகளின் அப்பாவோடு அவர் ஸ்கூட்டரிலேயே அந்த மனைக்குப் போனேன். வெளிச்சம் இருந்தது. காட்டாமணக்குப் புதரடியில் உடைத்த கொட்டை ஓடுகள் கிடந்தன. சுற்றி நடந்தேன். மனை முழுவதிலும் அரளி எங்கேயும் இல்லை. அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டேன்.

அவர் பக்கத்து வீட்டிலிருந்து அருவாள் வாங்கி வந்து நின்றார். "எல்லாத்தையும் வெட்டிடுறேன் சிஸ்டர். ஒண்ணு விடாம."

"இத மட்டும் எடுங்க. கை படாம பாத்துக்கோங்க. அது நொச்சி, கொசுவுக்கு நல்லது. அந்தப் பக்கம் இருக்கிறது ஆடாதொடை. அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

"சரி. இது?"

சுவரோரத்தில் இடுப்புயரச் செடி ஒன்றைக் காட்டினார். ஜோடி இலைகள், சொரசொரப்பான தண்டு, கணுக்களில் சின்னச் சின்ன முள். இலையைக் கசக்கினேன். எந்த வாசனையும் நினைவுக்கு வரவில்லை. நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே முட்டி போட்டிருப்பாய்.

"தெரியல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இத வெட்டாதீங்க. குழந்தைங்கள இந்தப் பக்கம் விடாதீங்க. நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அருவாளைத் தாழ்த்தினார்.

இன்று ஞாயிறு. ஊறவைத்த துணி வாளியிலேயே கிடக்கிறது. உன் கணவரிடம் கேட்டு வாங்கிய உன் பாடப்புத்தகங்களில் நேற்றெல்லாம் தேடினேன், அந்தச் செடி அகப்படவில்லை. பூக்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நன்மங்கலத்தில் இதே முள்ளோடு ஒன்றைப் பார்த்த ஞாபகம் லேசாக இருக்கிறது. முதலில் அங்கே போய்விட்டு, அப்படியே பெருங்களத்தூர் போகலாம் என்று இருக்கிறேன். என் கணவர் தானும் வருவதாகச் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். இலைகள் ஜோடியா, மாறி மாறியா என்று எப்படிப் பார்ப்பது என அவருக்குப் போகிற வழியில் சொல்ல வேண்டும்.