வெள்ளை சோப்பு

14 நவம்பர் 2000, செவ்வாய்

சரசு விற்பதற்காக வீட்டிலேயே செய்த நான்கு ஷேவிங் சோப்புகளையும் ஒரு வாரமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இன்று பொம்மசந்திரா தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, அலுப்போடு ஷேவ் செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"எது என்ன வாசனைன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க பாப்போம்."

பச்சையாக இருந்ததை வெட்டிவேர் என்றேன். மஞ்சளைச் சந்தனம் என்றேன். வெட்டுக்காயத்தில் எரிந்தது கிராம்பு. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். முகத்தில் இருந்த வெள்ளைதான் மிச்சம்.

"மல்லி. நாலுல இதான் கமகமன்னு இருக்கு."

"அதுல ஒண்ணுமே போடலைங்க. எசென்ஸ் தீந்துடுச்சு."

கண்ணாடியைப் பார்த்தபடி மிச்ச நுரையை வழித்தேன்.

"எப்பலேர்ந்துங்க?" என்றாள், மெதுவாக.

சளி என்றேன். அவள் நம்பவில்லை. ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும்போது மூச்சு முட்டுகிறதென்று மாஸ்க்கை ஆறு வருஷமாகக் கழற்றி வைத்தவன் நான்தான். சூப்பர்வைசரிடம் சொன்னால் வேலை என்ன ஆகும் என்று யோசிக்கவும் தெம்பில்லை.

பக்கத்தில் தூங்குகிறாள். பூ வைத்திருக்கிறாளா என்று தலையைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.