விடமாட்டேன் என்று முதலில் சொன்னாயே

மாடம்பாக்கம்,
சனிக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் ஜோசலினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை ஓடவில்லை, ஆனால் படுக்கையில் விழுகிற மாதிரியும் ஒன்றுமில்லை. அந்த டெல்லிக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தலைக்கு ஏதாவது கட்டிக்கொள்கிறாயா என்பதுதான் கவலை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே உங்கப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நீயும் ம், ம் என்று வைத்துவிடுகிறாய். கீழ்வீட்டு ஜான்சி மகள் ஆஷா இன்டர்வியூவுக்கு டெல்லி வருகிறாள், அவளிடம் பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். மழை விட்டும் தெருவில் தண்ணீர் வடியவில்லை, கேம்ப் ரோட்டையும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போய் வருவதற்குள் முழங்கால் கழன்றுவிடுகிறது. அரைப்பரீட்சைப் பேப்பர் கட்டு மேசையில் அப்படியே கிடக்கிறது. எதற்கும் தெம்பில்லை பாப்பா.

உனக்கும் எனக்கும் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்லாமல் தீராது. டெல்லிப் பயிற்சியில் எழுத்துப் பரீட்சை பாஸ் என்று நீ மெசேஜ் போட்ட வாரமே உங்கப்பா ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் மகளுக்கு விமானத்தில் வேலை கிடைத்ததற்காக என்று எழுதிப் போட்டுவிட்டார். இன்னும் வாய்மொழித் தேர்வு இருக்கிறது, அதையும் தாண்டினால்தான் கையெழுத்துப் போடும் அனுமதி என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு, கேட்டால்தானே. போதகர் அதை ஆராதனையில் வாசித்தார், சபையே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்றையிலிருந்து ஊர் வாயில் நீ பைலட். விமானம் கிளம்புமுன் வழி, வானிலை, எரிபொருள் எல்லாம் பார்த்து, போகலாமா கூடாதா என்று கேப்டனோடு சேர்ந்து முடிவு செய்து கையெழுத்துப் போடும் டிஸ்பாட்சர் வேலை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஜான்சி இருக்கிறாளே, இன்னா டீச்சர், பாப்பா நம்ம வூட்டு மேல போவசொல்லோ கையாட்டச் சொல்லு என்கிறாள். முதலில் சிரித்தேன், இப்போது அவளைக் கண்டாலே மாடிப்படி ஏறிவிடுகிறேன்.

நீ வாய்மொழித் தேர்வில் தவறிவிட்டாய் என்று தெரிந்ததும் அவர் ஒடிந்துபோனார். ஆராதனையில் கடைசிப் பாட்டு ஆரம்பித்ததும் பக்கவாட்டு வாசல் வழியாக நழுவிவிடுகிறார். அந்த வெட்கத்தை மறைக்கத்தான் இந்தச் சிறுசேரி ஐ.டி. கம்பெனி வேலை, வேறொன்றுமில்லை. ஆபேல் மாமாவைப் பிடித்து அவர் கம்பெனியில் சொல்லிவைத்துவிட்டு, நைட் ஷிப்ட் ஒத்துக்கல, அதான் இங்கேயே பார்க்கிறோம் என்று சபையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். புதுவருஷம் பிறந்ததும் வந்து சேர், திரும்பவும் தோற்று என் மானத்தை வாங்காதே என்று போனில் சத்தம் போட்டார், நீ சரிப்பா என்றாய். அவர் சந்தோஷமாக எழுந்து போனார். எனக்கு மட்டும் அது சந்தோஷமாக இல்லை.

ஏன் தெரியுமா? தோற்ற அன்று நீ அழுதுகொண்டே என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. இறங்க வேண்டிய ஊரில் பனிமூட்டம், அங்கே முடியாவிட்டால் இறங்கலாம் என்று வைத்திருந்த ஊரிலும் பனி ஏறுகிறது, விமானத்தை விடுவாயா என்று கேட்டார்கள். விடமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாய். தேர்வாளர் குரலை உயர்த்தி, கேப்டனே போகலாம் என்கிறார், உள்ளே பயணிகள் கத்துகிறார்கள், தடுக்க நீ யார் என்றதும் சரி சார், விடலாம் என்றுவிட்டாய். உனக்குப் பாடம் தெரியாமல் இல்லை, கணக்கும் தப்பவில்லை. அதட்டினால் பணிந்துவிடுவாயா என்றுதான் அவர் பார்த்திருக்கிறார். கோபித்துக்கொள்ளாதே கண்ணு, உன்னைத் தவறவிட்டது நியாயம்தான். உன் கையெழுத்தை நம்பி ஒரு விமானம் நிறைய ஜனம், கைக்குழந்தையும் கிழடுமாக, ஏறி உட்காருகிறது. அதைக் கேட்டபோது எனக்கே பயமாக இருந்தது.

ஆபேல் மாமா வேலை கெட்ட வேலை இல்லை. ஏசி பஸ் வாசலுக்கு வரும், நீ என் கண்ணெதிரே இருப்பாய், எனக்கும் அந்த ஆசை இல்லை என்று சொன்னால் பொய். மெய்யாகவே பிடித்திருந்தால் வா, வெந்நீர் வைத்துக் காத்திருப்பேன். ஆனால் அந்த சரிப்பாவும் அன்று சொன்ன சரி சாரும் எனக்கு ஒன்றாகவே கேட்கிறது. மறுபடி உட்கார ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றாயே, அந்தத் தேர்வுக்கு எந்தப் புத்தகத்தைப் படித்துப் போவாய்? அப்பா கோபக்காரர், கெட்டவர் இல்லை, ஆனாலும் அவரிடம் உனக்காக நான் பேசமாட்டேன். சோம்பலாலும் இல்லை, பயத்தாலும் இல்லை. நான் பேசினால் அது என் பேச்சாகிவிடும்.

கர்த்தர் உன்னைக் காத்து, உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆஷாவை நல்லபடியாகக் கவனித்து அனுப்பு, அவளுக்கு அந்த ஊர் புதிது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நாளை ஆராதனை முடிந்து அப்பா வீட்டில்தான் இருப்பார், ஆனால் இந்தக் கடிதம் அதற்குள் வராது, அடுத்த ஞாயிறு கூப்பிடு. வர விருப்பமில்லை என்றால் வரமாட்டேன்பா என்று சொல். கத்துவார். கத்தட்டும், போனை வைத்துவிடாதே, அழுதாலும் பரவாயில்லை. முடித்துவிட்டு மூச்சு வாங்கி, என்னடி சொல்றே என்று மறுபடி கேட்பார். அப்போதும் வரமாட்டேன் என்றே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானஜோதி